ப்யூஜெட் சவுண்ட்ல படகு ஓட்டறீங்களா? டேங்க்கை இப்படிக் காலி பண்ணுங்க

வணக்கம் மக்களே. அமெரிக்காவோட வாஷிங்டன் மாநிலத்துல, ப்யூஜெட் சவுண்ட்ங்கற கடல் பகுதி பக்கம் வீக்கெண்ட்ல படகு எடுத்துச் சுத்தறவங்களுக்கான வீடியோ இது. படகு டாய்லெட் பத்தியும், அந்தக் கழிவு சேர்ற டேங்க்கைப் பத்தியும்தான் பேசப்போறோம். முகம் சுளிக்காதீங்க, இது இன்னொருத்தர் சாப்பாட்டு விஷயம்.

அங்க சுக்வாமிஷ், ஸ்வினோமிஷ் மாதிரிப் பழங்குடி மக்கள் தலைமுறை தலைமுறையா மட்டியும் ஆய்ஸ்டரும் (ஒரு வகைக் கடல் சிப்பி) எடுத்துச் சாப்பிடறாங்க. அமெரிக்க அரசோட போட்ட 1855 ஒப்பந்தத்துலயே அந்த உரிமை இருக்கு. 1994-ல நீதிபதி ரஃபீடி, மட்டி வகைகள்லயும் பாதி அவங்களுக்குன்னு தீர்ப்பு சொன்னார். ஆனா அந்த உரிமை, அவங்க வழக்கமா எடுத்துட்டு வந்த இடங்களுக்குத்தான். ஒரு கரை கெட்டா, அடுத்த ஊர்க் கரைக்குப் போங்கன்னு சொல்லவே முடியாது.

நல்லா வளர்ந்த ஒரு ஆய்ஸ்டர் ஒரு நாளைக்கு 190 லிட்டர் தண்ணி வரைக்கும் வடிகட்டும். கழிவு கலந்து தண்ணில நோரோவைரஸ் (வாந்தி பேதி வரவைக்கற கிருமி) இருந்தா அதையும் உடம்புல சேர்த்து வச்சுக்கும். மட்டி வாய் திறந்ததும் அடுப்பை அணைச்சுடறோம் பாருங்க, அந்தச் சூட்டுல வைரஸ் சாகாது. 63 டிகிரி செல்சியஸ் வரைக்கும் தாங்கும்.

"எங்க படகுலதான் சுத்திகரிப்புக் கருவி இருக்கே"ன்னு கேப்பீங்க. இந்தக் கருவிகள்ல டைப் 1, டைப் 2-ன்னு வகை இருக்கு. டைப் 1 கருவிலருந்து வர்ற தண்ணில, 100 மில்லிக்கு 1000 வரைக்கும் மலக்கிருமி இருக்கலாம்னு விதி. டைப் 2-ன்னா 200. மட்டி எடுக்கற தண்ணிலயோ சராசரி 14-ஐத் தாண்டக்கூடாது! அதனாலதான் 2018 மே 10-லருந்து அங்க சுத்திகரிச்சதைக்கூடக் கொட்டத் தடை. படகுத்துறையில எத்தனை படகு நிக்குதுன்னு கணக்கு போட்டுத்தான், சுத்தி எவ்வளவு தூரம் மட்டி எடுக்கக்கூடாதுன்னு எல்லை வைக்கறாங்க. படகு கூடக்கூட அந்தப் பழங்குடி மக்களோட கரை சுருங்குது. இதைத்தான் நாம மனசுல வைக்கணும்.

சரி, செய்முறை. கிளம்பறதுக்கு முன்னாடியே ஒய்-வால்வை (கழிவு டேங்க்குக்குப் போகணுமா, கடலுக்குப் போகணுமான்னு திருப்பற வால்வு) டேங்க் பக்கம் திருப்பி, ஜிப்-டை போட்டுப் பூட்டிடுங்க. கை தவறித் திரும்பிடுச்சுன்னா எல்லாம் நேரா கடலுக்குத்தான் போகும். டேங்க் கழிவை உறிஞ்சி எடுக்கற பம்ப்-அவுட் நிலையத்துல, படகு மேல்தளத்துல 'வேஸ்ட்'னு எழுதின மூடியா, டீசல் மூடியான்னு ரெண்டு தடவை பாருங்க. நாசிலை அழுத்திப் பொருத்தி, பம்பை ஓடவிட்டு, அப்புறம் நாசில்ல இருக்கற வால்வைத் திறங்க. கண்ணாடிக் குழாய்ல பழுப்பா ஓடறது தெளிஞ்சதும், ஒரு பக்கெட் நல்ல தண்ணி ஊத்தி இன்னொரு தடவை உறிஞ்சுங்க. அடியில தங்கற சகதி அப்பதான் வரும். டேங்க்கோட காத்துக்குழாய் அடைச்சிருந்தா டேங்க் உள்வாங்கி நசுங்கிடும், அதை மறக்காம முதல்லயே பாருங்க. குடிதண்ணி ஹோஸை இந்தப் பக்கமே கொண்டுவராதீங்க.

கரையில இறங்கி நீங்களும் மட்டி தோண்டினா குழியை உடனே மூடுங்க. மண் மேடு மேல விழுந்தா பக்கத்துல இருக்கற குட்டி மட்டிங்க மூச்சுத்திணறிச் செத்துடும். ஆய்ஸ்டரை அங்கயே உடைச்சு, அதோட ஓடுகளை, கரையில எடுத்த அதே உயரத்துலயே விட்டுட்டு வாங்க. அடுத்த குஞ்சுங்க ஒட்டி வளர்றது அந்த ஓட்டு மேலதான்.