படகில் போடாத சீட்டு

நேயர்களுக்கு வணக்கம்.

சட்டக் கல்லூரியில் பாடம் நடத்திய காலத்தில், ஒவ்வோர் ஆண்டும் ஒரு வழக்கைச் சொல்லிவிட்டு மாணவர்களைக் கை தூக்கச் சொல்வேன். சூழ்நிலை மாறினால் தவறும் சரியாகிவிடுமா என்று கேட்பவர்களுக்கு அந்த வழக்கைத்தான் இன்றும் சொல்கிறேன். கேட்கும்போதே உங்கள் மனம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

1884 மே மாதம். இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனிலிருந்து மிக்னனெட் என்ற சிறிய பாய்மரக் கப்பல் சிட்னிக்குப் புறப்பட்டது. கேப்டன் டாம் டட்லி. ஸ்டீபன்ஸ், புரூக்ஸ் என்று இரண்டு மாலுமிகள். நான்காவது ஆள் ரிச்சர்ட் பார்க்கர். எடுபிடி வேலைக்கு வந்த பையன், வயது 17, தாய் தகப்பன் இல்லாதவன்.

ஜூலை 5ஆம் தேதி தென் அட்லாண்டிக்கில் பேரலை ஒன்று கப்பலை உடைத்துவிட்டது. நால்வரும் 13 அடிப் படகு ஒன்றில் ஏறினார்கள். கையில் இரண்டு டின் டர்னிப் கிழங்கு. குடிதண்ணீர் ஒரு சொட்டு கிடையாது. இடையில் ஒரு கடலாமை அகப்பட்டது. அப்புறம் அதுவும் தீர்ந்தது. பையன் தாகம் பொறுக்காமல் கடல்நீரைக் குடித்துவிட்டு, எழ முடியாமல் படகின் அடியில் கிடந்தான். ஏறக்குறைய இருபதாம் நாள், டட்லி ஜெபம் செய்துவிட்டு அவனைப் பேனாக்கத்தியால் கொன்றார். ஸ்டீபன்ஸ் உடன்பட்டார். புரூக்ஸ் சம்மதிக்கவில்லை. ஆனால் மூவரும் அந்த உடலைத் தின்றுதான் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். நான்கைந்து நாளில் ஒரு ஜெர்மன் கப்பல் வந்து மீட்டது.

ஃபால்மத் துறைமுகத்தில் இறங்கியதும் நடந்ததை அதிகாரிகளிடம் டட்லியே சொல்லிவிட்டார். மறைக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. உயிர் போகும் நிலையில் அப்படிச் செய்யும் வழக்கம் கடலோடிகளிடம் இருந்தது. ஊரும் அவர் மேல் இரக்கப்பட்டது. பார்க்கரின் அண்ணனே விசாரணைக்கு வந்து டட்லியின் கையைக் குலுக்கினார்.

இதுவரை சொன்னதும் வகுப்பில் பெரும்பாலான கைகள் டட்லிக்காக உயரும். ‘மூன்று பேராவது பிழைத்தார்களே சார்’ என்பார்கள். நான் இன்னொன்றைச் சொல்வேன். அந்தக் கடல் வழக்கத்திலேயே ஒரு முறை உண்டு. திருவுளச்சீட்டு போட வேண்டும், யார் பெயர் வருகிறதோ அவர்தான். இந்தப் படகில் சீட்டு போடவில்லை. பையன் எப்படியும் பிழைக்கமாட்டான், எங்களுக்கு மனைவி மக்கள் இருக்கிறார்கள் என்று கணக்குப் போட்டார்கள். கைகள் ஒவ்வொன்றாக இறங்கும்.

பசியும் தாகமும் நால்வருக்கும் பொது. விலை கொடுத்தவன் மட்டும் ஒருவன், அதுவும் வேண்டாம் என்று சொல்லக்கூடத் தெம்பில்லாதவன்.

1884 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. தலைமை நீதிபதி கோல்ரிட்ஜ் கேட்ட கேள்வி இதுதான்: இந்த நிர்ப்பந்தத்தை அளப்பவர் யார்? ஓர் உயிரையும் இன்னோர் உயிரையும் எந்தத் தராசில் நிறுப்பது? அளக்கிறவனே அதனால் பிழைக்கப்போகிறவன் அல்லவா? டட்லிக்கும் ஸ்டீபன்ஸுக்கும் மரண தண்டனை விதித்தார்கள். பிறகு அதை ஆறு மாதச் சிறையாகக் குறைத்தார்கள். இது முரண்பாடு என்று மாணவர்கள் சண்டைக்கு வருவார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. செய்தவன் மேல் எவ்வளவு கோபப்படலாம் என்பதைச் சூழ்நிலை சொல்லும். செய்த காரியத்தின் பெயரை அது மாற்றாது.

அப்படியானால் சூழ்நிலைக்கு இடமே இல்லையா? இருக்கிறது. ‘பொய்மையும் வாய்மை யிடத்த’ என்று வள்ளுவரே சொன்னாரே என்பார்கள். சரி, ஆனால் அந்தக் குறளை அத்தோடு நிறுத்திவிடுகிறோம். ‘புரைதீர்ந்த நன்மை பயக்கும் எனின்’ என்று முடிகிறது அது. குற்றமற்ற நன்மை. கொலைகாரர்களிடமிருந்து தப்பி வந்தவரை வீட்டில் ஒளித்துவிட்டு, ‘இங்கே யாரும் வரவில்லை’ என்று வாசலில் நின்று ஒருவர் பொய் சொன்னால், ஆபத்து அவர் தலைமேல். அந்தப் பொய்யை நான் கைகூப்பி ஏற்பேன். மற்றொருவன் தலையில் ஆபத்தை ஏற்றிவிட்டுச் சூழ்நிலை என்று சொன்னால் ஏற்கமாட்டேன். பெற்ற தாயின் பசியைக் காணும் நிலை வந்தாலும் சான்றோர் பழிக்கும் காரியத்தைச் செய்யாதே என்று சொன்னவரும் அதே வள்ளுவர்தான். பசி அவருக்குத் தெரியாததல்ல.

சவுத்தாம்ப்டனில் பியர்ட்ரீ கிரீன் தேவாலய வளாகத்தில் ரிச்சர்ட் பார்க்கருக்கு ஒரு நினைவுக்கல் இருக்கிறது. கப்பல் உடைந்ததும், திறந்த படகில் 19 நாள் பட்ட பாடும் அதில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. கொன்றவர்கள் பெயர் இல்லை. கடைசியில் வேதாகமத்திலிருந்து ஒரு வரி: ‘ஆண்டவரே, இவர்கள்மேல் இந்தப் பாவத்தைச் சுமத்தாதிரும்.’ மன்னிக்கச் சொல்லி மன்றாடும் அந்த வரியிலும் பாவம் என்ற சொல்லை எடுக்கவில்லை.

நன்றி, வணக்கம்.