வரி நோட்டில் யார் பெயர்?

(குடியாத்தத்தில் ஒரு வாசகர் கூட்டத்தில் பேசியது. எழுதும்போது கொஞ்சம் சேர்த்திருக்கிறேன்.)

எல்லோருக்கும் வணக்கம். 'சமூகம் என்றால் என்ன, அது மனிதனை எப்படித் தாங்குகிறது' என்று தலைப்புக் கொடுத்துவிட்டார்கள். அழைப்பிதழைப் பார்த்த என் மனைவி, "இதுக்கா அரை மணி நேரம் பேசப் போறீங்க? நாலு வீடு சேந்து இருந்தா சமூகம், அவ்ளோதானே" என்றார். நாலு வீடு சேர்ந்திருந்தால் அது தெரு. சமூகமாக ஆவதற்கு ஒரு நோட்டு வேண்டும். அந்த நோட்டைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

நம் பக்கத்துக் கிராமங்களில் திருவிழா பேச்சு எடுத்தவுடன் முதலில் வெளியே வருவது தலைக்கட்டு வரி நோட்டு. நீளவாக்கில் இருக்கும், அட்டையின் நாலு மூலையிலும் மஞ்சள் தடவியிருக்கும். கல்யாணமாகித் தனி அடுப்பு மூட்டியவன் ஒரு தலைக்கட்டு. தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று கூட்டம் போட்டு முடிவு செய்வார்கள். என் அப்பா எங்கள் ஊரில் பல வருஷம் அந்த நோட்டை எழுதினார். பணம் தந்தவர் பெயருக்கு நேரே ஒரு சிறு கோடு போடுவார். கோடு விழாத பெயர்களை மட்டும் ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் லாந்தர் வெளிச்சத்தில் முணுமுணுத்துக்கொண்டே படிப்பார். அந்த முணுமுணுப்பில்தான் ஊர்ப் பெயர்கள் எல்லாம் எனக்கு மனப்பாடமாயின.

வட ஆற்காட்டில் பாரதக் கூத்து பார்க்காதவர்கள் இங்கே குறைவு. திரௌபதி அம்மன் கோயிலில் மத்தியானம் பாரதப் பிரசங்கம், ராத்திரி கூத்து, அர்ச்சுனன் தபசு, கடைசி நாள் படுகளம், சாயங்காலம் தீமிதி. படுகளத்துக்கு மண்ணில் துரியோதனனைப் படுக்க வைப்பார்களே, அந்த மண்ணை யார் வெட்டுவது, யார் தண்ணீர் ஊற்றிக் குழைப்பது, தபசு மரம் யார் தோப்பிலிருந்து வருவது, இதெல்லாம் ஆளாளுக்கு முறை. எங்கள் ஊரில் வரப்புத் தகராறில் ஏழு வருஷம் பேசாமல் இருந்த அண்ணன் தம்பி இரண்டு பேர், துரியோதனனுக்கு ஆளுக்கு ஒரு தொடை பிசைந்ததைப் பார்த்திருக்கிறேன். பேசிக்கொள்ளவில்லை. தண்ணீர்க் குடம் வேண்டுமென்றால் பக்கத்தில் இருந்த என்னிடம் சொல்வார்கள், நான் அந்தப் பக்கம் நகர்த்துவேன். வேலை முடிந்ததும் ஆளுக்கொரு பக்கம் போய்விட்டார்கள்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், சமூகம் என்றவுடன் அன்பு, பாசம், ஒற்றுமை என்று மேடையில் அடுக்கிவிடுகிறோம். எனக்கு அதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. அன்பு வந்தால் நல்லது, வராவிட்டாலும் முறை நிற்காது. ஒரு வீட்டில் சாவு விழுந்தால் அந்த வீட்டில் அடுப்பு எரியாது. சோறு பக்கத்து வீட்டிலிருந்து வரும். கொண்டு வருகிறவளுக்குச் செத்தவரைப் பிடித்ததா பிடிக்கவில்லையா என்று யாரும் கேட்பதில்லை. பச்சை மூங்கில் வெட்டப் போகிறவனையும் கேட்பதில்லை.

பாலாற்றங்கரையில் பிறந்தவர்களுக்கு ஊற்றுக்கால் தெரியும். மேலே வெறும் மணலாகக் கிடக்கும் ஆறு, அடியில் தண்ணீரோடு ஓடும். மணலைத் தோண்டி அந்த ஊற்றைக் கால்வாயில் இறக்கி வயலுக்குக் கொண்டுபோனார்கள் நம் ஆட்கள். ஒரு வெள்ளம் வந்தால் தூர்ந்து போகும், மறுபடி தோண்ட வேண்டும். ஒருத்தன் தனியாகத் தோண்ட முடியாது என்பதுதான் அதன் விசேஷம். நிலம் எவ்வளவோ அதற்குத் தக்கபடி வீட்டுக்கு ஆள் வர வேண்டும். அப்புறம் போர்வெல் வந்தது. போர் போட்டவனுக்கு ஆள் தேவையில்லை, மோட்டார் போதும். மணலை அள்ளினார்கள், தோல் கழிவை விட்டார்கள், ஆறு கெட்டது என்று சொல்கிறோம். உண்மைதான். ஆனால் ஊற்றுக்காலுக்கு மண்வெட்டியோடு போகிற பழக்கத்தை நாமேதான் விட்டோம்.

சரி, இவ்வளவு புகழ்ந்துவிட்டேன். இனி எனக்குக் கசக்கிற பக்கம்.

ஆடியில் கூழ் வார்ப்பது தெரியும். வீட்டுக்கு வீடு கேழ்வரகுக் கூழ் காய்ச்சி, குண்டானில் தூக்கிக்கொண்டு வந்து கோயில் அண்டாவில் ஊற்றுவார்கள். கெட்டியாக இருக்கும் கூழ், தண்ணியாக இருக்கும் கூழ், உப்புப் போட்டது, மறந்தது, சின்ன வெங்காயம் போட்டது எல்லாம் ஒன்றாகக் கலந்துவிடும். துடுப்பால் இரண்டு சுற்றுச் சுற்றினால் எது யார் வீட்டுக் கூழ் என்று அம்மனுக்கே தெரியாது. சின்ன வயதில் அதைப் பார்க்க எனக்கு அவ்வளவு பிடிக்கும். ஆனால் எங்கள் ஊரில் இரண்டு அண்டா இருந்தது. ஊருக்கு ஒன்று, சேரிக்கு ஒன்று. சேரிப் பெயர்கள் அப்பாவின் நோட்டிலும் கிடையாது. ஏன் என்று ஒரு முறை கேட்டேன். "அது வேற கணக்கு" என்றார். நல்ல மனிதர்தான், ஒரு பைசா ஊர்ப்பணம் தொட்டதில்லை. அந்தப் பதிலை மட்டும் இன்றுவரை என்னால் ஜீரணிக்க முடியவில்லை. சாவு வீட்டுச் சோறு, மூங்கில், முறை என்று நான் பெருமையாகச் சொன்னதெல்லாம் நோட்டில் பெயர் இருந்தவர்களுக்குத்தான்.

பெயர் உள்ளே இருந்தாலும் ஆபத்து உண்டு. வேலூர்க்காரர்களுக்கு, சி.எம்.சி. (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி) ஆஸ்பத்திரியை ஆரம்பித்த ஐடா ஸ்கடர் கதை தெரியும், அதனால் சுருக்கமாகச் சொல்கிறேன். 1890களில் ஒரு ராத்திரி, திண்டிவனத்தில் அவர் வீட்டுக் கதவை மூன்று பேர் வந்து தட்டினார்கள். ஒருவர் பிராமணர், ஒருவர் முஸ்லிம், இன்னொருவர் உயர்சாதி இந்து. மூவர் மனைவிக்கும் பிரசவம் சிக்கலாகிவிட்டது. ஐடாவின் அப்பா டாக்டர், ஆனால் ஆண். ஆண் பார்க்கக் கூடாது என்று மூவருமே திரும்பிப் போனார்கள், விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். ஐடா அமெரிக்கா போய் டாக்டருக்குப் படித்துத் திரும்பியதும், 1900இல் வேலூரில் ஒற்றைக் கட்டில் வைத்து ஆரம்பித்ததும், 1918இல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி தொடங்கியதும் எல்லோரும் சொல்கிற பகுதி. எனக்கு அந்த மூன்று புருஷன்மார்கள்தான் நினைவில் நிற்கிறார்கள். மூவரும் ஓடி வந்தவர்கள், அதாவது மனைவி பிழைக்க வேண்டும் என்று ஆசைப்பட்டவர்கள். வாசல் வரை வந்தவர்களைத் திருப்பி அனுப்பியது அவரவர் கூட்டத்தின் கட்டுப்பாடு.

அந்த ஆஸ்பத்திரியே இன்று இன்னொரு ஊரை உண்டாக்கியிருக்கிறது. சி.எம்.சி.க்கு எதிரே பாபு ராவ் தெருவுக்குப் போய்ப் பாருங்கள். வங்காளி எழுத்தில் போர்டு, வங்காளிச் சாப்பாடு, வங்காளத்திலிருந்தும் அஸ்ஸாமிலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் வந்த நோயாளிகள், லாட்ஜ் அறைக்குள்ளேயே சமையல். என் தம்பிக்கு ஆபரேஷன் நடந்தபோது பதினெட்டு நாள் அந்தத் தெருவில் இருந்தேன். எந்த வரிசையில் எத்தனை மணிக்கு நிற்க வேண்டும், ரத்தம் கொடுக்க எங்கே போக வேண்டும் என்று எனக்குச் சொன்னவர் பக்கத்து அறையில் இருந்த வங்காளிக்காரர். என் ஊர் எனக்குச் சொல்லவில்லை பாருங்கள். அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்கு வங்காளம் தெரியாது, இரண்டு பேருக்கும் இந்தி அரைகுறை. பையிலிருந்து சீட்டுகளை எடுத்துக் கட்டிலில் பரப்பி, விரலால் தொட்டுத் தொட்டுக் காட்டினார். முந்தின மாசம் அவருக்கு வேறு யாரோ இப்படிக் காட்டியிருப்பார்கள். அங்கே நோட்டு இல்லை, தலைக்கட்டு இல்லை. பதினெட்டாம் நாள் நாங்கள் கிளம்பினோம். புதிதாக வந்த ஒரு அஸ்ஸாம்காரருக்கு நான் அதே மாதிரி சீட்டைப் பரப்பிக் காட்டிவிட்டு வந்தேன்.

வேலூர் பாகாயத்தில் சி.எம்.சி.யின் மனநல மையம் இருக்கிறது, 1957இல் தொடங்கியது. அங்கே நோயாளியைச் சேர்த்துவிட்டு வீட்டுக்காரர்கள் கிளம்பிவிட முடியாது, கூடவே தங்க வேண்டும். தாங்குகிற ஆளுக்கும் பயிற்சி வேண்டும் என்பதை அங்கே சுமார் எழுபது வருஷத்துக்கு முன்பே புரிந்துகொண்டுவிட்டார்கள்.

நாகநதியைச் சொல்லாமல் விட்டால் அணைக்கட்டு, கணியம்பாடிப் பக்கத்திலிருந்து வந்திருப்பவர்கள் கோபித்துக்கொள்வார்கள். வறண்டு கிடந்த ஆறு. நூறு நாள் வேலைக்குப் போன பெண்கள், சுமார் 20,000 பேர் என்று கணக்குச் சொல்கிறார்கள், வருஷக்கணக்காக ஆற்றிலும் ஓடையிலும் உறை இறக்கி, மழைத்தண்ணீரை மண்ணுக்குள் இறக்குகிற நீர் செறிவுக் கிணறுகள் கட்டினார்கள். தண்ணீர் வந்ததைப் பற்றி நிறையப் பேர் பேசியாயிற்று. நான் கவனித்தது வேறு. நூறு நாள் வேலையின் வருகைப் பதிவேட்டில் தினமும் ஏறியது அந்தப் பெண்ணின் பெயர். தலைக்கட்டு நோட்டில் ஆம்பளை பெயர்தான் இருக்கும். புருஷன் செத்துவிட்டால் எங்கள் ஊரில் வரி பாதி, சில வருஷம் அதுவும் கிடையாது. சலுகைதான். ஆனால் கூடவே பெயரும் போய்விடும்.

போன வருஷம் ஊரில் கூத்துக்கு வரி வசூல். அப்பா இல்லை, இப்போது நோட்டு எழுதுவது ஒரு டிப்ளமோ படித்த பையன். கோயில் திண்ணையில் அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். நாகநதி வேலைக்குப் போன பாட்டி ஒருத்தி வந்தாள், எழுபதைத் தாண்டியவள். முந்தானை முடிச்சைப் பல்லால் அவிழ்த்து ரூபாய் நோட்டுகளை எடுத்து வைத்தாள். முழு வரி.

"ஆயா, உனுக்கு வரி இல்லயே" என்றான் பையன்.

"யாரு சொன்னது இல்லன்னு? கூத்த நான் பாக்கலயா? எய்துடா."

அவன் எழுதினான். அவள் புருஷன் பெயரை எழுதி, முன்னால் 'காலஞ்சென்ற' என்று போட்டான். படிக்கத் தெரியாதவள்தான், ஆனால் அவன் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினான்.

"அவரு பேர இன்னாத்துக்கு எய்தற?" என்றாள். "அவரா எய்ந்து வந்து குட்த்தாரு?"

பையன் என்னைப் பார்த்தான். நான் அந்தப் பேனாவைப் பார்த்தேன். எழுதினதை அடித்துவிட்டு, "உன் பேரு இன்னா ஆயா?" என்று கேட்டான்.

அத்தனை வருஷம் அந்த நோட்டை மனப்பாடம் செய்தவன் நான். எனக்கும் தெரியவில்லை.