ஆறு வோல்ட்டின் மேல் பழி போடாதீர்கள்: பழைய யெஸ்டிக்குப் புது வயரிங்

வணக்கம் நண்பர்களே. பெங்களூரு அல்சூரில், எங்கள் வீட்டின் கீழ்த்தளத்தில் வண்டிகள் நிறுத்தும் இடத்திலிருந்து பேசுகிறேன். பின்னால் நிற்பது 1970-களின் யெஸ்டி 250 மோட்டார் சைக்கிள். மைசூரில் ஐடியல் ஜாவா ஆலையில் செய்த வண்டி. அந்த ஆலை 1996-இல் உற்பத்தியை நிறுத்திவிட்டது. இன்று இதன் வயரிங் முழுவதையும் புதிதாகப் போடப் போகிறோம்.

இந்த வண்டியைக் காட்டும்போதெல்லாம் பலர் எழுதுவது ஒன்றுதான்: "அண்ணா, 6 வோல்ட் விளக்கு மின்மினி மாதிரி எரிகிறது, 12 வோல்ட்டுக்கு மாற்றி எல்இடி போட்டுவிடுங்கள்." உங்கள் அக்கறை புரிகிறது. ஆனால் குற்றவாளி 6 வோல்ட் என்பதை நான் ஏற்கவில்லை. இந்த வண்டியை முதலில் ஓட்டியவர் என் சித்தப்பா. கோலார் தங்கவயலில் இரவு ஷிப்டுக்கு இதில்தான் போய்வந்தார். சாலை விளக்கு இல்லாத வழியில் இதே 35 வாட் பல்பை நம்பித்தான் ஓட்டியிருக்கிறார். அன்று போதுமானதாக இருந்த வெளிச்சம் இன்று எங்கே போயிற்று? அதைத்தான் தேடப் போகிறோம்.

தொடங்கும் முன் இரண்டு வேலைகள். பேட்டரி இணைப்பைக் கழற்றுங்கள். பெட்ரோல் டேங்கைக் கழற்றி வேறு அறையில் வையுங்கள். பொறி பறக்க வாய்ப்புள்ள இடத்தில் பெட்ரோல் ஆவி இருக்கவே கூடாது. இதில் சமரசம் இல்லை.

கேமராவை அருகில் கொண்டு வருகிறேன், பாருங்கள். ஹேண்டில்பார் திரும்பும் கழுத்துப் பகுதியில் வயர்க்கட்டு வளைந்து வளைந்து போகும் இடம் இது. பழைய டேப்பைப் பிரித்தால் பசை கைநிறைய ஒட்டுகிறது. உள்ளே சிவப்பு வயரின் மேலுறையை நகத்தால் அழுத்துகிறேன். அப்பளம் போல நொறுங்குகிறது. உள்ளே செம்பு இழைகள் கறுத்துவிட்டன, முனையில் பச்சைப் பொடி. பாதி இழைகள் அறுந்தே போயிருக்கின்றன. பல்புக்குப் போக வேண்டிய மின்சாரம் இத்தனை வருடங்களாக இந்த இடுக்கில்தான் திணறியிருக்கிறது.

இப்போது கொஞ்சம் கணக்கு, பொறுத்துக்கொள்ளுங்கள். 35 வாட் பல்பு 6 வோல்ட்டில் ஏறக்குறைய 5.8 ஆம்பியர் இழுக்கும். அதே 35 வாட்டில் 12 வோல்ட் பல்பு போட்டால் 2.9 ஆம்பியர்தான். பேட்டரியிலிருந்து சுவிட்சுக்கு, அங்கிருந்து டிம்-டிப் சுவிட்சுக்கு, மறுபடி டூமுக்கு, அதாவது ஹெட்லைட் கூட்டுக்கு என்று போனால் வயரின் நீளம் 2 மீட்டரைத் தொட்டுவிடும். 0.5 சதுர மி.மீ. வயராக இருந்தால் அதன் தடை 0.07 ஓம். வயரிலேயே 0.4 வோல்ட் போய்விடுகிறது. துருப்பிடித்த இணைப்பு ஒன்று 0.1 ஓம் சேர்த்தால் இன்னும் 0.6 வோல்ட். பல்புக்குக் கிடைப்பது 5 வோல்ட். இழை பல்பின் வெளிச்சம் வோல்ட்டேஜை விட மிக வேகமாகக் குறையும். 6-க்கு 5 கிடைத்தால் வெளிச்சம் கிட்டத்தட்ட பாதியாகிவிடும். இதே பழுதான வயரில் 12 வோல்ட் ஓடினால் இழப்பு அவ்வளவாகத் தெரியாது. அதனால்தான் 12 வோல்ட்டுக்கு மாற்றியவுடன் "ஆகா" என்கிறார்கள். பழுது அங்கேயேதான் இருக்கிறது, கண்ணுக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான்.

எல்இடி பற்றியும் சொல்லிவிடுகிறேன். இந்த ஹெட்லைட்டின் பிரதிபலிப்பான் இழை பல்புக்காகச் செய்தது. ஒளி பிறக்கும் இடம் சற்று விலகினாலும் வெளிச்சம் சிதறி எதிரே வருபவரின் கண்ணில் அடிக்கும். எனக்கு அது வேண்டாம்.

வயரை எஸ்.பி. ரோட்டில் வாங்கினேன். ஹெட்லைட்டுக்கும் பேட்டரி மெயினுக்கும் 2.5 சதுர மி.மீ., ஹாரனுக்கும், ஸ்பார்க் பிளக்குக்கு மின்சாரம் தரும் காயிலுக்கும் 1.5, டெயில் லைட்டுக்கு 0.75. இந்த 2.5 வயரில் 2 மீட்டருக்கு இழப்பு 0.1 வோல்ட் கூட இல்லை. வாங்கும்போது ஓர் இழையைப் பிளேடால் சுரண்டிப் பாருங்கள். மேலே வெள்ளையாக இருந்து உள்ளே சிவந்தால் வெள்ளீயம் பூசிய செம்பு, நல்லது. மேலே சிவந்து உள்ளே வெள்ளையாக இருந்தால் செம்பு முலாம் பூசிய அலுமினியம், அந்தக் கடையிலிருந்து வெளியே வந்துவிடுங்கள். வீட்டுச் சுவருக்குள் போடும் வயரும் வேண்டாம். அது பதித்த இடத்தில் அசையாமல் கிடப்பதற்கானது. வண்டியின் அதிர்வுக்கு மெல்லிய இழைகள் நிறைய உள்ள ஆட்டோ வயர்தான் தாங்கும்.

பழைய வயர்க்கட்டைத் தூக்கி எறியாதீர்கள். ஒவ்வொரு முனையிலும் காகித டேப்பில் பெயர் எழுதி ஒட்டிய பிறகே கழற்றினேன். அதைப் பிளைவுட் பலகையில் விரித்து, திரும்பும் இடங்களில் ஆணி அடித்து, அதே தடத்தில் புது வயரை ஓட்டுகிறேன். கழுத்துப் பகுதியில் மட்டும் தாராளமாக நீளம் விடுங்கள். ஹேண்டில்பாரை இரு பக்கமும் கடைசி வரை திருப்பிப் பாருங்கள், வயர் எங்கும் இழுபடக் கூடாது.

முனைகளை ஈயம் வைத்துப் பற்றவைப்பதா, லக் என்ற உலோக முனையை வைத்து அழுத்துவதா என்று கேட்கிறீர்கள். நான் அழுத்துகிறேன். ஈயம் உருகி இழைகளுக்குள் ஏறி வயரை விறைப்பாக்கிவிடும். அந்த விறைப்பு முடியும் இடத்தில்தான் அதிர்வில் அறுந்து விழும். கட்டிங் பிளேயரால் நசுக்குவது அழுத்துவது ஆகாது, அதற்கென்று உள்ள கிரிம்பிங் கருவி வேண்டும். அழுத்திய பின் ஒவ்வொன்றையும் பலமாக இழுத்துப் பாருங்கள். வருவது இப்போதே வந்துவிடட்டும்.

அடுத்தது எர்த். எல்லோரும் புறக்கணிப்பது இதைத்தான். போன மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பியாக வேண்டும். தனி வயர் இல்லையென்றால் டூமிலிருந்து அது எப்படித் திரும்பும் தெரியுமா? கழுத்துப் பகுதியில் இருக்கும் பால் பேரிங் வழியாக, கிரீஸையும் துருவையும் தாண்டி. போதாததற்கு நாம் ஆசையாசையாக வண்டிக்குப் பெயிண்ட் வேறு அடிக்கிறோம், பெயிண்டில் மின்சாரம் ஓடாது. ஆகவே டூமிலிருந்து பேட்டரியின் எர்த் முனை வரை தனியாக ஒரு 2.5 வயர். எஞ்சினுக்கு ஒன்று, பின்விளக்குக்கு ஒன்று. வண்டியின் பிரேமில் முடுக்கும் இடத்தில் பெயிண்டைச் சுரண்டி உலோகம் மின்ன வேண்டும். சில பழைய வண்டிகளில் பாசிட்டிவ்தான் எர்த், உங்கள் வண்டியில் எது என்று முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

பியூஸ் பேட்டரிக்கு மிக அருகில் வர வேண்டும். அது காப்பது வயரை, பல்பை அல்ல. நான் 15 ஆம்பியர் போடுகிறேன். ஆனால் முதல் இணைப்பில் பியூஸ் போடாமல், அதன் இடத்தில் இந்த ஹெட்லைட் பல்பையே இரண்டு வயரில் மாட்டுகிறேன். எல்லா சுவிட்சும் அணைந்திருக்கிறது. பேட்டரியை இணைக்கிறேன்... பல்பு எரியவில்லை. எங்காவது ஷார்ட் இருந்தால் பல்பு பளீரென்று எரியும். ஆனாலும் 6 ஆம்பியருக்கு மேல் ஓடாது, வயர் கருகாது. டெயில் லைட்டைப் போடுகிறேன், டெயில் லைட் எரிகிறது, இந்தப் பல்பில் எதுவும் தெரியவில்லை. இதுதான் சரி. இப்போது பல்பை எடுத்துவிட்டு பியூஸ்.

ஹெட்லைட் எரியும்போது மீட்டரை வைக்கிறேன். பேட்டரியில் 6.1, பல்பின் முனையில் 5.9. எர்த் பக்கம் மட்டும், அதாவது டூமுக்கும் பேட்டரியின் எர்த் முனைக்கும் இடையே, தனியாகப் பார்த்தால் 0.05. வெளிச்சத்தைச் சுவரில் பாருங்கள், மஞ்சள் நிறம்தான், ஆனால் விளிம்பு வெட்டியது போல் விழுகிறது.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். ஐட்லிங்கில், அதாவது வண்டி நின்று எஞ்சின் மட்டும் மெதுவாக ஓடும்போது, டைனமோ சார்ஜ் தராது. அப்போது ஹெட்லைட், காயில் எல்லாம் பேட்டரியிலிருந்தே எடுக்கும். தினமும் மாலையில் சில்க் போர்டு சந்திப்பில் நின்று நின்று போகிறவருக்கு டைனமோவுக்குப் பதில் 12 வோல்ட் ஆல்டர்னேட்டர் நியாயமான முடிவு, நான் தடுக்க மாட்டேன். ஆனால் அவரும் முதலில் வயரையும் எர்த்தையும் சரிசெய்துவிட்டு மாற்றட்டும்.

அடுத்த வீடியோவில் டைனமோவின் கார்பன் பிரஷ்களையும் ரெகுலேட்டரின் முனைகளையும் பார்க்கலாம். பிரஷ் தேய்ந்திருக்கிறது, நாளை ஜே.சி. ரோட்டில் தேட வேண்டும். உங்கள் வண்டியின் எர்த் பக்கத்தில் எவ்வளவு வோல்ட் வருகிறது என்று அளந்து எழுதுங்கள், வண்டியின் பெயரையும் ஆண்டையும் சேர்த்து.