கூரை எங்கே போனது?

நண்பர்களே, ஸ்காட்லாந்தின் வடகோடியில், சதர்லாந்தில், நேவர் ஆற்றங்கரையில் ரோசல் என்று ஓர் ஊர் இருந்தது. இன்று அங்கே புல் மூடிய தாழ்வான சுவர்கள்தான் மிச்சம். பார்க்கிறவர்கள் ஏதோ ஆயிரம் வருடத்துப் பழமை என்று நினைத்துக்கொள்கிறார்கள். அப்படியில்லை. 1814க்கும் 1818க்கும் இடையில், ஆடு வளர்ப்பதற்காகக் குடியானவர்களை வெளியேற்றிக் காலி செய்யப்பட்ட ஊர் அது.

இப்படியொரு இடிபாட்டைப் பார்த்தால் முதலில் கூரையைத் தேடுங்கள். மரம் அரிதான நாடு அது. வீட்டிலேயே விலை மதிப்புள்ள பொருள் கூரையைத் தாங்கிய மரச்சட்டங்கள்தான். வீடு மாறினால் அவற்றைக் கழற்றி எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். வெளியேற்ற வந்த நிலச்சுவான்தாரின் ஆட்கள் எரித்தது அந்த மரங்களைத்தான். சுவர் நின்றாலும் பரவாயில்லை. கூரை போட மரமில்லாவிட்டால் யாரும் திரும்பி வர முடியாதல்லவா?

1814இல் அந்தப் பள்ளத்தாக்கில் குடியானவர்களை வெளியேற்றியவர் பேட்ரிக் செல்லர். சதர்லாந்து சீமாட்டியின் எஸ்டேட்டில் அதிகாரி. காலியான நிலத்தில் ஆடு மேய்க்கக் குத்தகை எடுத்தவரும் அவரேதான்! தீ வைத்ததாகவும் உயிர்ச்சேதம் விளைவித்ததாகவும் 1816இல் இன்வர்னெஸில் வழக்கு நடந்தது. விடுதலையாகிவிட்டார்.

சரி, வெளியேற்றப்பட்டவர்கள் எங்கே போனார்கள்? சிலர் கப்பலேறினார்கள். பலரைக் கடலோரத்துக்குத் தள்ளி, ஆளுக்கொரு துண்டு நிலம் கொடுத்தார்கள். அதுதான் கிராஃப்ட். அந்தத் துண்டை வைத்துக்கொண்டு ஒரு குடும்பம் பிழைக்க முடியாது. முடியக்கூடாது என்பதுதான் பல எஸ்டேட்டுகளின் கணக்கு. வயிற்றுக்குப் போதாவிட்டால்தானே மீன் பிடிக்கவும், மேற்குக் கரையில் கடற்பாசி எரித்துச் சாம்பலாக்கவும் கூலிக்கு வருவார்கள்? நெப்போலியன் போர் முடிந்ததும் அந்தச் சாம்பலின் விலை விழுந்தது. 1846இல் உருளைக்கிழங்கு அழுகல் நோய் வந்தது. அப்புறம் பசிதான்.

கேத்னெஸ் கடற்கரையில் பாட்பே என்ற குடியிருப்பின் சுவர்கள் செங்குத்தான பாறை விளிம்பை ஒட்டி நிற்கின்றன. காற்று அடித்துக்கொண்டு போய்விடாமலிருக்க ஆடுமாடுகளையும் குழந்தைகளையும் கயிறு போட்டுக் கட்டி வைப்பார்களாம். நிலச்சுவான்தார் மனமுவந்து கொடுத்த இடம் அது! கடைசிக் குடியானவர் அங்கிருந்து போனது 1911இல். அதே வருடம், அவ்வூரிலிருந்து நியூசிலாந்து போன ஒருவரின் மகன் பாட்பேயில் ஒரு நினைவுத்தூண் எழுப்பினார்.

வேறு பல ஊர்களில் சுவர்கூட மிஞ்சவில்லை. வீட்டுக் கற்களைப் பெயர்த்து ஆட்டுப்பட்டி கட்டிவிட்டார்கள். பட்டி மட்டும் உறுதியாக நிற்கும். சுற்றிலும் அடித்தளக் கோடுகள் தெரியும்.

1882இல் ஸ்கை தீவின் பிரேஸ் கிராமத்தார் கிளாஸ்கோவிலிருந்து வந்த போலீசைக் கல்லெறிந்து எதிர்த்தார்கள். மறுவருடம் கிராஃப்ட் குடியானவர்களின் நிலைமையை ஆராய அரசு விசாரணைக் குழு அமைத்தது. 1886இல் சட்டம் வந்தது: நியாயமான வாடகை, வெளியேற்ற முடியாத குத்தகை உரிமை. ஆனால் அது அப்போது கிராஃப்டில் இருந்தவர்களுக்கு மட்டும்தான். ஏற்கெனவே ஆட்டுக்குப் போன ரோசல் போன்ற ஊர்களின் நிலத்தை அந்தச் சட்டம் யாருக்கும் திருப்பிக் கொடுக்கவில்லை.