ஒரு புழு, இரண்டு மூச்சு

எல்லோருக்கும் வணக்கம்.

பிள்ளைகளுக்குப் பூச்சி மாத்திரை கொடுக்காத வீடு இங்கே குறைவாகத்தான் இருக்கும். அந்த மாத்திரையில் இருக்கும் அல்பெண்டசோல் என்ற மருந்துக்கு இலக்காகும் உருளைப்புழுவைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

மண் ஒட்டிய கையிலிருந்தும் கழுவாத கீரையிலிருந்தும் அதன் முட்டை வாய்க்குள் போகிறது. குடலில் பொரியும் இளம்புழு அங்கேயே தங்குவதில்லை. இரத்தத்தில் கலந்து, கல்லீரலைக் கடந்து, நுரையீரலுக்குப் போகிறது. அங்கிருந்து தொண்டைக்கு ஏறி, நாம் எச்சில் விழுங்கும்போது மறுபடி குடலுக்கே வருகிறது. ஏன் இந்த ஊர்சுற்றல் என்று கேட்காதீர்கள், அது தனிக்கதை.

நுரையீரலில் ஆக்சிஜனுக்குப் பஞ்சமில்லை. சிறுகுடலில் அது மிகக் குறைவு. ஆனாலும் அங்கேதான் பெண்புழு ஓரடி நீளம் வரை வளர்ந்து, நாளொன்றுக்கு 2 லட்சம் முட்டைகள் வரை இடுகிறது. அதற்கான சக்தி எங்கிருந்து கிடைக்கிறது?

நம் உயிரணுக்களுக்குள் சக்தி தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவில், உணவிலிருந்து வரும் எலக்ட்ரான்களை யுபிகுவினோன் என்ற மூலக்கூறு சுமந்து போகிறது. கடைசியில் ஆக்சிஜன் வாங்கிக்கொள்கிறது. இளம்புழுவும் இப்படித்தான் வாழ்கிறது. குடலில் வளர்ந்த புழுவோ சுமக்கும் ஆளையே மாற்றிவிடுகிறது. அதன் பெயர் ரோடோகுவினோன். இது எலக்ட்ரானை ஆக்சிஜனிடம் கொண்டுபோவதில்லை, ஃபியூமரேட் என்ற சேர்மத்திடம் கொடுக்கிறது; ஃபியூமரேட் சக்சினேட் என்ற வேறொரு சேர்மமாகிறது. நம் உடலில் சக்சினேட்டை ஃபியூமரேட்டாக்கும் அதே வகை நொதி, புழுவுக்குள் எதிர்த்திசையில் ஓடுகிறது! இதில் கிடைக்கும் சக்தி குறைவு. அதனால் நம் பிள்ளை தின்ற சோற்றின் சர்க்கரையை அது ஏராளமாக உறிஞ்சி, அரைகுறையாக எரித்து, மிச்சத்தை அமிலங்களாக வெளியே தள்ளுகிறது.

இந்த மாற்றத்துக்கான சுவிட்ச் எங்கே? மண்ணில் வாழும் சிறு உருளைப்புழு ஒன்றை ஆராய்ந்தவர்கள் 2019, 2020 ஆண்டுகளில் விடையை வெளியிட்டார்கள். coq-2 என்று எழுதப்படும் ஒரே மரபணுதான், அதன் நகலான ஆர்.என்.ஏ.வை உயிரணு வெட்டி ஒட்டும்போது ஒரு துண்டைச் சேர்த்தால் யுபிகுவினோன் பக்கம், அதற்குப் பதில் வேறொரு துண்டைச் சேர்த்தால் ரோடோகுவினோன் பக்கம். குடல் புழுக்களிடமும் இதே இரட்டைத் துண்டு இருக்கிறது. மனிதரிடம் அந்த இரண்டாவது துண்டு இல்லை.

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அல்பெண்டசோல் தாக்குவது புழுவின் உயிரணுக்களுக்குச் சட்டம்போல் உதவும் டியூபுலின் புரதத்தை. அந்த மரபணுவில் ஒரேயொரு எழுத்து மாறியதால் ஆட்டின் வயிற்றுப் புழுக்களிடம் இந்த வகை மருந்து பல நாடுகளில் தோற்றுவிட்டது. நாளை நம் பிள்ளைகளின் புழுக்களுக்கும் அது நேரலாம். புழு ரோடோகுவினோனைத் தயாரிப்பதைத் தடுக்கும் மருந்து கிடைத்தால் புழு மூச்சுமுட்டும்; அந்த இரண்டாவது துண்டு பிள்ளையிடம் இல்லாததால், அந்த வழியில் தீங்கு குறைவாக இருக்கலாம். நுரையீரலில் திரியும் இளம்புழுவை மட்டும் அதனால் பிடிக்க முடியாது. குடலுக்குத் திரும்பி வரும்வரை காத்திருக்க வேண்டும்.