தொண்டை கட்டிய நாள்

நேயர்களுக்கு வணக்கம். எனக்கு வயது 72. என் வயதுக்காரர்கள் சிலரிடம் வாரத்துக்கு ஒரு மணி நேரம் போய் உட்கார்ந்து, அவர்கள் பேசுவதைக் கேட்டுவருகிறேன். முதியவருக்கு முதியவரே ஆலோசகர் என்கிறார்கள். பெயர்தான் ஆலோசனை, ஆலோசனை சொல்வது இதில் மிகக் குறைவு.

எனக்கே அது தாமதமாகத்தான் புரிந்தது. ஆரம்பத்தில், மனைவியை இழந்த ஒரு பெரியவரிடம் என்னை அனுப்பினார்கள். (ஆள் அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றித்தான் சொல்கிறேன்.) மூன்று வாரம் போனேன். மூன்று வாரமும் நானே பேசினேன். நடந்துவிட்டு வாருங்கள், மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள், பேரப்பிள்ளைகள் இருக்கிறார்களே... அவர் "சரிங்க, சரிங்க" என்று தலையாட்டினார். நாலாவது வாரம் எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. வருகிறேன் என்று சொன்ன நாளாயிற்றே, போனேன். தொண்டையைத் தொட்டுக் காட்டிவிட்டு உட்கார்ந்தேன். பத்து நிமிடம் மௌனம். இங்கே பத்து விநாடி நான் வாயை மூடினாலே வானொலி நிலையத்தார் பதறிவிடுவார்கள்! அப்புறம் அவர் மெல்லச் சொன்னார்: "கடைசி நாள் அவள் கூப்பிட்டாள். பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். இதோ வருகிறேன் என்றேன்." அங்கே தொடங்கி ஒன்றரை மணி நேரம் பேசினார். வாசல்வரை வந்து, "உங்களிடம் பேசினது ஆறுதலாக இருந்தது" என்றார். பேசினது யார்? நான் வாயே திறக்கவில்லையே!

ஜிம்பாப்வேயின் ஹராரே நகரில் மனநல மருத்துவர் டிக்சன் சிபாண்டா, 2006இல் 14 பாட்டிமாருடன் இப்படி ஒரு வேலையைத் தொடங்கினார். மருத்துவமனைக்கு வெளியே ஒரு பெஞ்சு, அதில் ஒரு பாட்டி. வருபவர்கள் எல்லா வயதினரும். 'மனநல பெஞ்சு' என்றால் யார் வந்து உட்காருவார்கள்? 'நட்பு பெஞ்சு' என்று மாற்றச் சொன்னதே அந்தப் பாட்டிமார்தான். மனச்சோர்வு என்று அங்கே சொல்வதில்லை. ஷோனா மொழியில் 'குஃபுங்கிசிசா', அதாவது யோசித்து யோசித்து மாய்வது. நமக்குத் தெரியாததா அது? 573 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2016இல் வெளிவந்தது. பெஞ்சுக்கு வந்தவர்களுக்கு ஆறு மாதத்தில், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களைவிடச் சோர்வு நன்றாகக் குறைந்திருந்தது.

சரி, கேட்பது என்றேன். எதிரில் இருப்பவருக்கும் காது கேட்க வேண்டுமே! அவருடைய நல்ல காதுப் பக்கமாக உட்காருங்கள். வெளிச்சம் உங்கள் முகத்தில் விழட்டும். டிவியை அணைத்துவிடுங்கள்.

நேரம் முடிகிறது என்று ஒலிப்பதிவு அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். இந்த வேலைக்கான பயிற்சியைப் பற்றி நிறையச் சொல்ல வந்தேன், ஒன்றே ஒன்று சொல்லிவிடுகிறேன். கேட்டதை வெளியே சொல்லக் கூடாது. ஆனால் ஒருவர் "இனி இருந்து என்ன, போய்விடலாம்" என்றால், சாகும் எண்ணமா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. ஆமாம் என்றால் ரகசியம் பார்க்காதீர்கள். அவரைத் தனியே விடாமல், உங்களை அனுப்பிய பொறுப்பாளருக்கும் மருத்துவருக்கும் உடனே சொல்லிவிடுங்கள். மறதி எது, மனச்சோர்வு எது என்று... அது இன்னொரு நாள். வணக்கம்.