தொலைக்காட்சியை ஒதுக்கிவிட்டு இணையத்தைத் தேர்ந்தெடுப்போம்

நேயர்களுக்கு வணக்கம்.

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில் வீட்டுக்கு இணைய இணைப்புக் கேட்டுச் செல்பவரிடம், இணையம், தொலைபேசி, தொலைக்காட்சி மூன்றையும் சேர்த்துக் கட்டிய தொகுப்பையே பல நிறுவனத்தார் முதலில் நீட்டுகிறார்கள். அரசு கேபிள் இணைப்போ, மாதக் கட்டணமே இல்லாத டிடி ஃப்ரீ டிஷ்ஷோ உள்ள வீட்டில் இதை வாங்கினால், ஒரே தொலைக்காட்சிப் பெட்டிக்கு இருமுறை பணம் கட்டுகிறோம். இணையத்தையும் தொலைபேசியையும் ஒரு கணக்கிலும், தொலைக்காட்சியை வேறொரு கணக்கிலும் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. இணையம் சரியில்லை என்று வேறு நிறுவனத்துக்கு மாற நினைக்கும் நாளில், பாட்டி பார்க்கும் தொடர் நின்றுவிடுமே என்ற தயக்கம் நம்மைப் பிடித்து நிறுத்தக் கூடாது.

அதனால், தொலைக்காட்சியும் ஓடிடியும் சேராத அடிப்படைத் திட்டம் எது என்று வெளிப்படையாகக் கேளுங்கள். 500 ரூபாய் என்று விளம்பரத்தில் இருந்தால், 18 விழுக்காடு ஜிஎஸ்டி சேர்ந்து 590 ரூபாய் ஆகுமா என்பதையும் கேளுங்கள். சிங்கப்பூரிலோ துபாயிலோ வேலை பார்க்கும் பிள்ளையோடு தெளிவாக முகம் பார்த்துப் பேச நொடிக்கு 4 மெகாபிட் வேகமே போதும். ஆகவே நான்கு பேர் உள்ள குடும்பத்துக்கு 50 மெகாபிட் திட்டம் தாராளம். அக்கிரகாரத்து வீடுகளைப் போல ரேழி, கூடம், முற்றம், கொல்லை என்று நீண்டு செல்லும் வீட்டில், திட்டத்தின் வேகத்தைக் கூட்டுவதைவிட வைஃபை பெட்டியை வாசலில் வைக்காமல் கூடத்தில் வைப்பதே அதிகப் பயன் தரும்.

நமது பகுதிக்கு வேகத்தைவிட முக்கியமானது மின்சாரம். பழைய செம்புக்கம்பித் தொலைபேசி, தொலைபேசி நிலையத்து மின்கலங்களிலிருந்து கம்பி வழியாகவே மின்சாரம் பெற்றதால், வீடு இருண்டிருந்தாலும் மணி அடித்தது. இன்றைய இணைய இணைப்பு வரும் கண்ணாடி இழையாகிய ஃபைபர் மின்சாரத்தைக் கடத்தாது; ஆகவே வீட்டில் மின்சாரம் போனால் இணையமும் அதில் இணைந்த தொலைபேசியும் ஒருசேர நின்றுவிடும். 2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யம் அருகே கஜா புயல் கரையேறிய பிறகு, மின்கம்பங்களும் செல்பேசிக் கோபுரங்களும் சாய்ந்து, உறவினரின் நலத்தைக் கூட விசாரிக்க முடியாமல் நம் மக்கள் தவித்ததை மறக்க இயலாது. அத்தகைய பேரழிவுக்கு வீட்டளவில் மாற்று இல்லை. ஆனால் ஐப்பசி, கார்த்திகை மழையில் சில மணி நேரம் போகும் மின்சாரத்துக்கு, மோடம் எனப்படும் வைஃபை பெட்டிக்கென்றே விற்கும் 12 வோல்ட் சிறு யுபிஎஸ் என்ற மின்கலக் கருவி போதுமானது. தொலைக்காட்சித் தொகுப்பில் மிச்சமாகும் பணத்தை முதலில் இதற்குச் செலவிடுங்கள்.

ஃபைபர் கம்பி தென்னை மரங்களுக்கிடையே தொங்கி வரும் ஊர்களில், மட்டை விழுந்து அறுந்தால் ஒட்ட வருபவர் யார், எத்தனை நேரத்தில் வருவார் என்பதை அதே தெருவில் இணைப்பு வைத்திருப்பவரிடம் விசாரியுங்கள். விளம்பரத்தைவிட அவர் சொல்லே எனக்குப் பெரிது.

தொலைபேசியைப் பொறுத்தவரை, டேட்டா இல்லாமல் பேச்சுக்கும் குறுஞ்செய்திக்கும் மட்டுமான ரீசார்ஜ் திட்டங்களைத் தர வேண்டும் என்று 2024 டிசம்பரில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராய் விதித்திருக்கிறது. வைஃபை உள்ள வீட்டில் இருக்கும் பெரியவர்களுக்கு இதுவே ஏற்றது. செல்பேசி நிறுவனத்தை மாற்ற விரும்பினால் 1900 என்ற எண்ணுக்குக் குறுஞ்செய்தி அனுப்பி, பழைய எண்ணையே தக்கவைத்துக் கொள்ளலாம். தரைவழித் தொலைபேசி எண்ணுக்கு அந்த வசதி இல்லை. நிறுவனம் மாறினால் எண்ணும் மாறும். எனவே வங்கியிலும் கூட்டுறவுச் சங்கத்திலும் செல்பேசி எண்ணையே பதிந்து வைப்பது நல்லது.

ஏற்கெனவே தொகுப்பில் இருப்பவர்கள், புதிய இணைப்பு சில நாள் ஒழுங்காக ஓடுவதைப் பார்த்த பிறகே பழையதை எழுத்து மூலமாக நிறுத்தச் சொல்லுங்கள். செட்டாப் பெட்டியையும் மோடத்தையும் திருப்பிக் கொடுக்கும்போது ரசீது வாங்குங்கள். முன்பணம் திரும்பி வராவிட்டால், அந்த ரசீதை வைத்துக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-ஐ அழைக்கலாம்.

வணக்கம்.